குர்சுராவின் ஐந்தாம் அறை: பழைய நீர்மூழ்கிகளைக் காட்சிக்கு வைப்போருக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: கிழக்குக் கடற்படைக் கட்டளையகம், விசாகப்பட்டினப் பெருநகர மண்டல வளர்ச்சி ஆணையம், தமிழ்நாடு சுற்றுலாத் துறை, படைப்பணி முடிந்த கப்பல்களை அருங்காட்சியகமாக்கும் ஏனைய அரசு அமைப்புகள்

மதிப்பிற்குரியீர்,

விசாகப்பட்டினம் ராமகிருஷ்ணா கடற்கரையில் 2002 ஆகஸ்டு முதல் பொதுமக்கள் பார்வைக்கு நிற்கிறது ஐஎன்எஸ் குர்சுரா என்ற நீர்மூழ்கிக் கப்பல். ஒரு முனையில் படியேறி, தோளை ஒடுக்கிக்கொண்டு வட்டக் கதவுகளுக்குள் குனிந்து நுழைந்து, மறுமுனையில் இறங்கிவரும் அந்த நடையைத் தமிழ்நாட்டிலிருந்து சுற்றுலா போன எத்தனையோ குடும்பங்கள் நடந்திருக்கின்றன. அந்தக் கப்பலும் அதைப் போன்றவையும் இன்னும் பல தலைமுறைக்கு நிலைக்க வேண்டும் என்பதற்காகவே இந்த மடல். கேட்பது ஒன்றுதான். இத்தகைய ஒவ்வொரு கப்பலுக்கும், எங்கெங்கே கல்நார் இருக்கிறது என்று காட்டும் கல்நார்ப் பதிவேடு ஒன்று எழுதி, அதை வெளிப்படையாக வையுங்கள். அந்தப் பதிவேட்டைத் திறந்து பார்க்காமல் கப்பலுக்குள் யாரும் ஒரு திருகாணியைக்கூடக் கழற்றக் கூடாது. ஆய்வு முன்பே நடந்திருந்தால் அறிக்கையை வெளியிடுங்கள். எங்கள் கோரிக்கையில் பாதி அன்றே நிறைவேறிவிடும்.

கல்நார் என்றால் நம் ஊரில் கூரைமேல் கிடக்கும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்தான் நினைவுக்கு வரும். அதில் நார் சிமெண்டோடு இறுகிக் கிடக்கும். உடைத்தாலோ அறுத்தாலோதான் பறக்கும். கப்பலில் இருப்பது வேறு ரகம். சூடான குழாயைச் சுற்றிப் பஞ்சுபோலப் பொதிந்து, மேலே துணி தைத்து, வண்ணம் பூசிய லாகிங் அது. மேல்துணி கிழிந்துவிட்டால் விரலால் நெருடினாலே உள்ளிருப்பது மாவாக உதிரும். அந்த நாரைச் சுவாசித்தால் பல ஆண்டு கழித்து நுரையீரல் நோயும் புற்றுநோயும் வரலாம்.

குர்சுராவின் வரலாற்றையும் இந்தக் கண்ணோடு ஒருமுறை பார்க்க வேண்டும். சோவியத் கட்டுமானத்தில் 641 என்று எண்ணிட்ட, மேற்கு நாடுகள் ஃபாக்ஸ்ட்ராட் என்று அழைத்த வகை இது. 1969 டிசம்பர் 18 அன்று ரீகா துறைமுகத்தில் இந்தியக் கடற்படையில் சேர்ந்தது. நீளம் 91.3 மீட்டர். உள்ளே ஏழு அறைகள்: முன்னும் பின்னும் டார்பிடோ அறைகள், இடையில் கட்டுப்பாட்டு அறை, அதற்கு இருபுறமும் கீழே மின்கலங்களும் மேலே படுக்கைகளுமாக வசிப்பறைகள், ஐந்தாவதில் 2000 குதிரைத்திறன் டீசல் எஞ்சின்கள் மூன்று, ஆறாவதில் மின்மோட்டார்கள். முன்னால் ஆறும் பின்னால் நான்குமாகப் பத்துக் குழல்கள், 22 டார்பிடோக்கள், ஏறத்தாழ 75 பேர். 1971 நவம்பரில், போர் மூளும் முன்பே, அரபிக்கடலில் காவலுக்குப் போய்விட்டது. குறிப்பிட்ட கப்பல் தடங்களைத் தாண்டக் கூடாது, எதிரி என்று உறுதியாகத் தெரியாமல் தாக்கக் கூடாது என்ற கட்டுப்பாடுகளோடு வாரக்கணக்கில் காத்திருந்து, காவல் முறையை மற்றொரு நீர்மூழ்கியான ஐஎன்எஸ் கரஞ்சிடம் ஒப்படைத்துவிட்டு, டிசம்பர் 4 அன்று பம்பாய் திரும்பியது. அதற்கு முந்தைய இரவில்தான், இன்று குர்சுரா நிற்கும் அதே கரைக்கு வெளியே பாகிஸ்தானின் நீர்மூழ்கி காஸி மூழ்கியது.

குர்சுரா டார்பிடோ எய்து எதையும் மூழ்கடித்ததில்லை என்பதால் அதன் போர்ப்பணியைச் சிறிதாக நினைப்பவர்கள் உண்டு. அது தவறு. எதிரியின் வாசலில் மூச்சடக்கிக் கிடப்பதும், இலக்கு கண்ணெதிரே வந்தாலும் உத்தரவின்றிக் கையை ஓங்காதிருப்பதும் நீர்மூழ்கிப் போரின் கடினமான பாதி. அந்தப் பாதி நடந்தது மூடிய இரும்புக் குழலுக்குள். பகலில் பேட்டரியில் ஓட்டம். இரவில், நீருக்கு மேலிருந்து காற்றிழுக்கும் ஸ்நார்க்கல் குழாயை நீட்டி டீசலை முடுக்கிப் பேட்டரிக்குச் சார்ஜ். எஞ்சின் அறையில் வெளியேறும் புகைக்குழாயின் சூடு நூற்றுக்கணக்கான டிகிரி. அந்தச் சூட்டிலிருந்து ஆளையும் பக்கத்து வயர்களையும் எண்ணெய்க் குழாய்களையும் காக்க, அக்காலத்தில் உலகமெங்கும் கப்பல் கட்டியவர்கள் கையில் எடுத்த பொருள் கல்நார்தான். எரியாது, இலேசானது, மலிவானது, துணியாகவும் கயிறாகவும் அட்டையாகவும் ஆக்கலாம். அது பொதிந்த குழாய்க்கு ஒரு முழத் தொலைவில் ஆட்கள் தூங்கினார்கள், சாப்பிட்டார்கள், காற்று அதே அறைகளைத்தான் சுற்றிச்சுற்றி வந்தது.

31 ஆண்டுகளில் 73,500 கடல்மைல் ஓடி, 2001 பிப்ரவரியில் குர்சுரா ஓய்வுபெற்றது. சேவையின் நடுவே ஒரு கட்டத்தில் அதன் பாகங்களைக் கழற்றி மற்ற நீர்மூழ்கிகளுக்குப் பொருத்தினார்கள். பின்னர் ரீஃபிட் எனும் பெரும் பழுதுபார்ப்பு நடந்தது. ஆவணம் எழுதுகிறவர்கள் இதை ஒரு வரியில் கடந்துவிடலாம். கல்நார் தேடுகிறவர்களுக்கோ இதுதான் முக்கியமான வரி. ஒவ்வொரு கழற்றலிலும், இணைப்பில் கசிவைத் தடுக்கும் கேஸ்கட் ஒன்று மாறியிருக்கும், ஒவ்வொரு ரீஃபிட்டிலும் சில மீட்டர் லாகிங் உரிந்து புதிதாக ஏறியிருக்கும். ஒரே குழாயில் இரண்டடிக்கு ஒன்றாக மூன்று காலத்துப் பொதிவு இருக்கலாம். அதனால் ஓரிடத்தில் எடுத்த மாதிரியில் நார் இல்லை என்று வந்தால், அந்த ஓரிடத்தில் இல்லை என்பதோடு அது நின்றுவிடும்.

எங்கெல்லாம் தேட வேண்டும்? ஐந்தாம் அறையின் புகைக்குழாய், சைலன்சர், அவற்றின் வளைவுகள், தாங்கிப் பட்டைகளுக்கு அடியில் மறைந்த பகுதி. இவை எல்லாருக்கும் தெரிந்தவை. தெரியாமல் போகிறவை சிறியவை. பழைய சோவியத் கப்பல்களில், குழாய்களை இணைக்கும் வட்ட விளிம்புகளான ஃபிளாஞ்சுகளுக்கு நடுவே வைக்கும் பாரோனைட் கேஸ்கட்: அட்டைபோல இருக்கும், பாதிக்கு மேல் கல்நார், மீதி ரப்பரும் நிரப்பிகளும். வால்வுத் தண்டையும் பம்புத் தண்டையும் சுற்றி அடைக்கும் கிராஃபைட் தடவிய பின்னல் கயிறு. மின்மோட்டார்களை இயக்கும் பெரிய சுவிட்ச் பலகைகளில் தீப்பொறியைத் தடுக்கும் பெட்டிகளும் அட்டைகளும். சூடுபடும் இடத்து வயர்களின் மேலுறை. சமையலறை அடுப்பின் உள்சுவர். நங்கூரப் பொறியின் பிரேக் பட்டை. தீயணைப்புக் கையுறை, வெல்டிங் போர்வை என்று மூலையில் சுருட்டி வைத்தவை. இவற்றோடு வழிகாட்டிகள் சில சமயம் மக்கள் தொட்டுப் பார்க்கட்டும் என்று மேசைமேல் வைக்கும் பழைய உதிரிப் பாகங்களும் உண்டு. அந்த மேசையைத்தான் முதலில் சோதிக்க வேண்டும்.

1960களில் கட்டிய கப்பலில் இப்படிப்பட்ட பொருள் எதையும், ஆய்வகம் இல்லை என்று எழுதித் தரும்வரை, கல்நார் என்றே கொள்ள வேண்டும். இது அதீத எச்சரிக்கை அல்ல. அமெரிக்கக் கப்பல் பட்டறைகளுக்கான தொழில் பாதுகாப்பு விதி, 1980 வரை கட்டிய கப்பல்களின் குழாய்க் காப்பைச் சோதனையில் மறுக்கும்வரை கல்நாராகவே கருதச் சொல்கிறது.

மாதிரி எடுப்பதையும் ஒழுங்காகச் செய்ய வேண்டும். அறையில் பார்வையாளர் இருக்கக் கூடாது, மின்விசிறியும் ஏசியும் நின்றிருக்க வேண்டும். எடுப்பவர் முகத்தில், மிக நுண்ணிய தூசியையும் தடுக்கும் பி100 வடிகட்டியுள்ள, முகத்தோடு ஒட்டி நிற்கும் முகக்கவசம் இருக்க வேண்டும். துணி முகமூடியும் அறுவைச் சிகிச்சை முகமூடியும் இந்த வேலைக்கு உதவா. தண்ணீரில் சில சொட்டு சோப்புத் திரவம் கலந்து, எடுக்கும் இடத்தை நன்றாக நனைக்க வேண்டும். சோப்பு எதற்கென்றால், வெறும் தண்ணீர் நாரின்மேல் முத்தாக உருண்டுவிடும், உள்ளே இறங்காது. மேல்துணியிலிருந்து இரும்பு தட்டுப்படும்வரை முழு ஆழத்துக்கும் குடைந்து, கட்டைவிரல் நுனியளவு எடுக்க வேண்டும். அடிப்படலம் ஒரு பொருளாகவும் மேல்படலம் வேறாகவும் இருப்பது வழக்கம். ஒரே தோற்றமுள்ள ஒவ்வொரு பகுதிக்கும் குறைந்தது மூன்று மாதிரி. எடுத்த குழியை உடனே பசைத்துணியால் அடைத்து, எண் ஒட்டி, படம் பிடித்து, அறை எண், கப்பலின் விலாச்சட்ட (ஃபிரேம்) எண், இடதா வலதா, தரையிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் என்பதைக் குறிக்க வேண்டும். முனைவாக்கிய ஒளி (போலரைஸ்டு லைட்) நுண்ணோக்கியில் பார்க்கும் ஆய்வகம், நார் எந்த வகை, எத்தனை சதவீதம் என்று சொல்லும். வெள்ளையா, பழுப்பா, நீலமா என்பதும் அறிக்கையில் வர வேண்டும். மூன்றுமே புற்றுநோய் தருபவை. பழுப்பும் நீலமும் நுரையீரல் உறையில் வரும் மீசோதெலியோமாவுக்கு இன்னும் கொடிய காரணிகள்.

இனி, பார்வையாளர்களைப் பற்றி. அரைமணி நேரம் நடந்து போகிறவருக்கு, லாகிங் கிழியாமல் இருக்கும்வரை, அச்சப்பட வேண்டிய அளவு ஆபத்து இல்லை. இதை நாங்கள் அழுத்திச் சொல்கிறோம். வதந்தியால் ஓர் அருங்காட்சியகம் மூடப்படக் கூடாது. நாங்கள் கவலைப்படுவது நாள்முழுதும் உள்ளே நிற்கும் வழிகாட்டிகளைப் பற்றி. அவர்களில் பலர் ஓய்வுபெற்ற கடற்படையினர். பணிக்காலத்திலேயே சுவாசித்தது போதாதென்று மறுபடி அதே காற்றில் நிற்கிறவர்கள். அடுத்து, பெருக்குகிறவர்கள், எலக்ட்ரீஷியன்கள், பெயிண்டர்கள், ஏசி மாட்ட வருகிறவர்கள். பணி முடிந்த கப்பலில் நாரைக் கிளப்பிவிடுவது பெரும்பாலும் இந்தச் சின்னச் சின்ன வேலைகள்தாம்.

ஒரு காட்சியை மட்டும் நெருங்கிப் பார்ப்போம். ஒரு குழாயில் நீர் கசிகிறது, ஃபிளாஞ்சைத் திறக்க வேண்டும். அரை நூற்றாண்டாகச் சூட்டில் வெந்த கேஸ்கட் இரண்டு முகங்களிலும் கருகி ஒட்டியிருக்கிறது. ஃபிட்டர் ஸ்க்ரேப்பரால் சுரண்டிப் பார்க்கிறார், வரவில்லை. கம்பி பிரஷ் மாட்டிய கிரைண்டரை எடுக்கிறார். இரண்டே நிமிடத்தில் ஃபிளாஞ்சின் முகம் கண்ணாடிபோலப் பளபளக்கும். பிறகு தூசியைக் காற்றுக்குழாயால் ஊதிவிடுவார். மாலையில் ஒருவர் துடைப்பத்தால் கூட்டுவார். பளபளத்த அந்த இரண்டு நிமிடத்தில் பறந்த நாரின் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாது. அசையாத காற்றில் மணிக்கணக்கில் மிதக்கும், பிறகு வயர்த்தட்டின் மேலும் படுக்கை விரிப்பின் மேலும் படியும், அடுத்த விசிறிக் காற்றில் மறுபடி எழும். ஃபிட்டரின் சட்டையில் ஏறி வீட்டுக்கும் போகும். துவைக்கிறவருக்கு நோய் வந்த வரலாறு கப்பல்கட்டும் ஊர்கள் பலவற்றில் உண்டு.

இதே வேலைக்குச் சரியான வழியும் இருக்கிறது. அதிகம் செலவும் இல்லை. போல்ட்டைத் தளர்த்துமுன் இடுக்கை நனைத்து ஊறவிடுங்கள். கீழே 150 மைக்ரான் பாலித்தீன் விரிப்பு. கழன்று வரும் துண்டாக இருந்தால் ஃபிளாஞ்சோடு சேர்த்துக் கழற்றி, சுற்றி ஒட்டி, வெளியே எடுத்துச் செய்யுங்கள். அங்கேயேதான் செய்ய வேண்டுமென்றால் ஈரம் காயாமல் தெளித்துக்கொண்டே கையால் சுரண்டுங்கள். கிரைண்டர், கம்பி பிரஷ், காற்றுக்குழாய் மூன்றும் தடை. சிதறலை ஈரத்துணியால் துடையுங்கள் அல்லது நுண்தூசியையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டியுள்ள வேக்குவம் போடுங்கள். வீட்டு வேக்குவம் நாரைப் பின்பக்கமாக ஊதிவிடும். துணி, விரிப்பு, கேஸ்கட் எல்லாம் இரட்டைப் பையில், எச்சரிக்கை ஒட்டி. வால்வுக் கயிற்றையும் அப்படியே நனைத்து, கொக்கியால் முழுசாக இழுத்து எடுக்க வேண்டும். துளையிட்டு நொறுக்கக் கூடாது. மின்பலகைகளில் தண்ணீர் காட்ட முடியாது. மின்சாரத்தை முழுவதும் துண்டித்து, ஹெப்பா வேக்குவத்தின் வாயை அருகில் பிடித்துக்கொண்டே பாகத்தை முழுசாகக் கழற்றுவதுதான் வழி.

கிழிந்த லாகிங்கை உரித்தெறிய வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. பெரும்பாலும் உரிப்பதுதான் அதிக ஆபத்து. கை படாத இடத்தில் உறுதியாக இருப்பதை அப்படியே விட்டு, சிறு கிழிசலை நனைத்துப் புதுத்துணி சுற்றி, பசையால் மூடி முத்திரையிடலாம். மூடிய இடத்தைச் சுற்றுச்சுவரின் நிறத்திலேயே பூசிவிடாதீர்கள். பத்து ஆண்டு கழித்து வரும் எலக்ட்ரீஷியன் அதில் துளைபோடுவார். தனி நிறமும் ஒட்டும் எண்ணும் இருக்கட்டும். நடைபாதையில் தோள் உரசும் உயரத்தில் உள்ள குழாய்களுக்குத் தகட்டு உறை போடுங்கள். உப்புக்காற்று கட்டுக்கம்பியை அரிக்கும், ஈரம் மேல்துணியை மக்கவைக்கும் என்பதால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதனை தேவை; ஒவ்வொரு புயலுக்குப் பின்னும் தனியே ஒன்று. 2014 அக்டோபரில் ஹுட்ஹுட் அடித்தது இந்தக் கரையைத்தான்.

உரித்தே ஆக வேண்டிய இடம் வந்தால், அதற்கென்று பயிற்சி பெற்றவர்கள் வேண்டும். நீர்மூழ்கியில் ஒரு வசதி, ஒவ்வோர் அறையும் தானே ஓர் அடைப்பு. வட்டக் கதவைப் பாலித்தீனால் மூடி, ஹெப்பா வடிகட்டியுள்ள உறிஞ்சியால் உள்ளே அழுத்தத்தை வெளியைவிட 5 பாஸ்கல் குறைத்து வைத்து, மணிக்கு நான்கு முறையாவது காற்றை மாற்ற வேண்டும். சிரமமும் உண்டு: விலாச்சட்டங்களுக்குப் பின்னாலும் குழாய்க் கொத்துகளுக்கு நடுவிலும் கண்ணும் கையும் எட்டாது. அதனால் கண்ணால் பார்த்துச் சுத்தம் என்று கையெழுத்திடக் கூடாது. காற்றை அசைத்துவிட்டு மாதிரி எடுத்து, மில்லிலிட்டருக்கு 0.01 நாருக்குக் கீழே வந்தால்தான் அறையைத் திறக்க வேண்டும். பிரிட்டனில் நடைமுறையில் உள்ள அளவு இது.

இதையெல்லாம் சட்டமே பார்த்துக்கொள்ளாதா என்று கேட்பீர்கள். பார்த்துக்கொள்ளாது, அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறோம். கப்பல்களில் புதிதாகக் கல்நார் பொருத்துவதை 2002 ஜூலையில் பெருமளவும் 2011 ஜனவரியில் முழுவதும் தடுத்த, கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச சோலாஸ் உடன்படிக்கை போர்க்கப்பல்களுக்குப் பொருந்தாது. அபாயப் பொருள் பட்டியல் கேட்கும் 2019ஆம் ஆண்டுக் கப்பல் மறுசுழற்சிச் சட்டமும் போர்க்கப்பல்களை விலக்கிவைக்கிறது. அருங்காட்சியகம் தொழிற்சாலையும் அல்ல. கடற்படையிலிருந்து வெளியேறி, உடைக்கும் தளத்துக்கும் போகாமல், கரையில் நிற்கும் நீர்மூழ்கி எல்லா வலையின் கண்ணியிலும் நழுவிவிடுகிறது. பட்டியல் இல்லாவிட்டால் என்ன நேரும் என்பதை நம் நாடே பார்த்தது. 2005 டிசம்பர் 31 அன்று பிரான்சின் துலோனிலிருந்து குஜராத்தின் அலங்கு கப்பல் உடைக்கும் தளத்துக்குப் புறப்பட்ட பிரெஞ்சு விமானந்தாங்கி கிளெமான்சோவில் எத்தனை டன் கல்நார் இருக்கிறது என்று ஆளுக்கொரு கணக்குச் சொன்னார்கள். இந்திய உச்சநீதிமன்றம் தலையிட்டது; 2006 பிப்ரவரியில் பிரான்சு கப்பலைத் திரும்ப அழைக்க வேண்டியதாயிற்று.

ஆட்களின் பதிவேடும் வேண்டும். இது எங்களுக்குப் பொருள்களின் பதிவேட்டைவிடப் பெரியது. 1946இல், அமெரிக்கக் கடற்படைக்குக் கப்பல் கட்டிய பட்டறைகளில் குழாய்க்குப் பொதிவு போட்ட 1,074 பேரைச் சோதித்து, மூவருக்கு மட்டுமே கல்நார் நுரையீரல் நோய், ஆகவே இது ஆபத்தான தொழில் அல்ல என்று ஓர் ஆய்வு எழுதியது. அந்த மூவரும் 20 ஆண்டுக்கு மேல் வேலை பார்த்தவர்கள்; மற்றவர்களில் மிகப் பெரும்பாலோர் சேர்ந்து பத்தாண்டுகூட ஆகாதவர்கள். நோய் தலைகாட்ட 20 முதல் 50 ஆண்டுவரை ஆகும் என்பதால், சோதித்தது வெளிப்படும் முன்பே. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் வேலை பார்த்தவர்கள் 1960களுக்குப் பின் இருமத் தொடங்கியபோது அந்த வரிக்கு விலை தெரிந்தது. நம் கணக்கையும் அப்படிப் போட வேண்டும்: 1970களிலும் 80களிலும் ஃபாக்ஸ்ட்ராட்களில் ஓடியவர்களுக்கும் ரீஃபிட் செய்த பட்டறை ஊழியர்களுக்கும் நோய் தெரியவரும் காலம் இதுதான்.

1995 ஜனவரி 27 தீர்ப்பில் உச்சநீதிமன்றம், கல்நார்த் தொழிலாளரின் உடல்நலப் பதிவை வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 ஆண்டு, அல்லது ஓய்வுக்குப் பின் 15 ஆண்டு, எது பிந்தியதோ அதுவரை காக்கச் சொன்னது. அந்த அளவையே இங்கும் எடுத்துக்கொள்ளுங்கள். நீர்மூழ்கிப் பணியாளர், பட்டறையில் லாகிங் பொதியும் லாகர்கள், ஃபிட்டர்கள், வெல்டர்கள், அருங்காட்சியக வழிகாட்டிகள், ஒப்பந்தத் தொழிலாளர்கள் எல்லாருக்கும் எந்தக் கப்பல், எந்த ஆண்டுகள், என்ன வேலை என்ற ஒரு பக்கச் சான்று கொடுங்கள். மூச்சிரைப்போடு போகிறவரிடம் மருத்துவர் புகைப்பழக்கத்தை மட்டும் கேட்டு அனுப்பிவிடுவதை அந்த ஒரு பக்கம் தடுக்கும். புகைப்பவர் கல்நாரையும் சுவாசித்திருந்தால் நுரையீரல் புற்றுநோய் வாய்ப்பு இரண்டின் தனித்தனிக் கூட்டலைவிட அதிகம் என்பதையும் அதிலேயே எழுதுங்கள். படைமருத்துவமனைகளில் ஆண்டுக்கொருமுறை நுரையீரல் செயல்திறன் சோதனை, மருத்துவர் சொன்னால் சிடி ஸ்கேன்.

தமிழ்நாடு சுற்றுலாத் துறைக்குத் தனியாக ஒரு வார்த்தை. மாமல்லபுரத்தில் வைப்பதற்கென்று சென்னைத் துறைமுகம்வரை வந்த ஐஎன்எஸ் வாக்லியும் ஃபாக்ஸ்ட்ராட் வகைதான். ஆண்டுக்கணக்கில் துறைமுகத்திலேயே கிடந்தது. அடுத்த முறை ஒரு கப்பலைக் கேட்கும்போது, ஒப்படைப்புப் பத்திரத்தில் கையெழுத்திடும் முன் கல்நார் ஆய்வறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். பார்வையாளர் வழிக்காக விலாவை வெட்டவும், விளக்கும் ஏசியும் பொருத்தவும் ஒப்பந்தப்புள்ளி கோருமுன் அந்த அறிக்கை கையில் இருக்க வேண்டும். வெட்டும் கோடு அதைப் பார்த்துத்தான் விழ வேண்டும். கழிவை அகற்றும் செலவைத் திட்ட மதிப்பீட்டில் தனி வரியாகக் காட்டுங்கள். 2016ஆம் ஆண்டு அபாயக் கழிவு விதிகளின்படி அது கும்மிடிப்பூண்டி போன்ற அனுமதி பெற்ற கிடங்குக்குத்தான் போக வேண்டும். காயலான் கடைக்கு இரும்போடு சேர்த்துப் போய்விடக் கூடாது.

விசாகப்பட்டின ஆணையத்துக்கு எங்கள் வேண்டுகோள், குர்சுராவின் ஐந்தாம் அறையில் தொடங்குங்கள் என்பது. வாரத்தில் பார்வையாளர் இல்லாத ஒரு நாள் போதும், அந்த அறைக்கான மாதிரிகளை எடுத்துவிடலாம். முடிவு வரும்வரை அறைக்குள் துளையிடுவதையும் சுரண்டுவதையும் உலர்ந்த துடைப்பத்தையும் நிறுத்திவையுங்கள். முடிவு எதுவானாலும், நுழைவுச்சீட்டு கொடுக்கும் இடத்தில் தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் இந்தியிலும் தமிழிலும் எழுதி ஒட்டுங்கள்.

வணக்கத்துடன்,
கப்பல் பொறியியலிலும் தொழிற்சுகாதாரத்திலும் பணியாற்றும் சிலர்